ரேசர் வாங்கியாச்சு, ஹாஃப்-டன் ட்ரக்குக்கு எந்த டாய் ஹாலர்?

கேள்வி (2024 அக்டோபர் 12)

வணக்கம். அரிசோனா, சாண்ட்லர்லேர்ந்து எழுதறேன். போன மாசம் போலாரிஸ் ரேசர் எக்ஸ்பி 4 வாங்கினேன், மணல்லயும் கரடுமுரடான பாதையிலயும் ஓட்டற நாலு சீட் வண்டி. நேத்து ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமமும் வச்சாச்சு. இனி அதை ஏத்திக்கிட்டுப் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வர ஒரு டாய் ஹாலர் வேணும், அதாவது வண்டி நிறுத்த கராஜும் தங்க இடமும் சேர்ந்த ட்ரெய்லர். ட்ரக் ஃபோர்டு எஃப்-150, ஹாஃப்-டன்னு சொல்ற சின்ன ரக பிக்கப். நான், மனைவி, ரெண்டு பசங்க. டிசம்பர்ல திருச்சியிலேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. டீலர் 28 அடி ட்ரெய்லர் ஒண்ணு காட்டினார், ஹாஃப்-டன் ட்ரக்கே இழுத்துடும்னு சொல்றார். கிராண்ட் டிசைன், ஃபாரஸ்ட் ரிவர், கீஸ்டோன், இதுல எந்த பிராண்டு நல்லது அண்ணா?

அக்டோபர் 12, ராத்திரி

பிராண்டு கிடக்கட்டும் தம்பி. முதல்ல ட்ரக்கோட டிரைவர் கதவைத் திறந்து, தூண்ல ஒட்டியிருக்கிற மஞ்சள் பட்டை ஸ்டிக்கரைப் பாருங்க. ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு எண் இருக்கும். அதுதான் உங்க பேலோடு. விளம்பரத்துல வர்ற பேலோடு மொட்டை வண்டிக்கு. சன்ரூஃப், பவர் சீட், ஃபோர் வீல் டிரைவ்னு ஒவ்வொண்ணா ஏற ஏற அது தேஞ்சுக்கிட்டே வரும். ஸ்டிக்கர்ல இருக்கிற எண்ணை இங்க போடுங்க, பேசலாம்.

அக்டோபர் 13

1,600னு போட்டிருக்கீங்க. எஃப்-150க்கு அது மோசமில்ல, பிரமாதமும் இல்ல.

டீலர் காட்டின ட்ரெய்லரோட ஜிவிடபிள்யூஆர், அதாவது எல்லாத்தையும் ஏத்தின பிறகு அது தொடக்கூடிய உச்ச எடை, 9,500 பவுண்டு. பால் ஹிட்ச்ல இழுக்கிற ட்ரெய்லர்னா மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் ட்ரக் மேல உட்காரணும். 12ன்னு வச்சா 1,140. நீங்க நாலு பேர் 500. ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கிற எடை பகிர்வு ஹிட்ச் மட்டுமே ஒரு 100. ஆக 1,740. ட்ரக் பெட்ல கூலர் வைக்கல, விறகு வைக்கல. ஸ்டிக்கர் என்னவோ 1,600தான்.

டோ கெபாசிட்டி 11,000 இருக்கேன்னு கேட்டிருக்கீங்க. இருக்கட்டும். இழுக்கிறது இன்ஜின் வேலை. தாங்கறது பின் ஆக்சில், ஸ்பிரிங், டயரோட வேலை. ஹாஃப்-டன் ட்ரக்ல டோ கெபாசிட்டி தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பேலோடு தீர்ந்துடும். டாய் ஹாலர் வாங்கறவங்க முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். அந்த டீலர் பொய் சொல்லல, பாதியைச் சொன்னார்.

டிசம்பர்ல ஆறு பேர்னா இன்னும் ஒரு 300 சேர்த்துக்குங்க. ரேசர்ல இருக்கிறது நாலு சீட். யாரை இறக்கி விடறதுங்கிற பஞ்சாயத்தை வீட்டுக்குள்ளயே முடிச்சுக்குங்க.

அக்டோபர் 13, சாப்பிட்டு வந்து

ட்ரெய்லர் கதவுக்குப் பக்கத்துலயும் அதே மாதிரி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சரக்கு எடை இவ்வளவுதான்னு போட்டிருப்பாங்க. நீங்க அனுப்பின படத்துல 2,700. பெரிசாத் தெரியும். ரேசருக்குப் பெட்ரோல், கூரை, விண்ட்ஷீல்டு, ஸ்பேர் டயரோட 1,800னு வைங்க. தண்ணி ஒரு கேலன் 8.34 பவுண்டு, 80 கேலன் டேங்க் நிரப்பினா 667. கராஜ் பக்கத்துல பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு டேங்க் வச்சிருக்காங்களே, அது 30 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 180. மிச்சம் 53 பவுண்டு. அதுல நாலு பேர் துணி, ஹெல்மெட், பாத்திரம், மாவு டப்பா, டூல் பாக்ஸ்.

தண்ணியை அங்க போய் நிரப்பிக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க. மணல் மேட்டுல குழாய் கிடையாது.

அக்டோபர் 15

சான் டியாகோ அக்கா ஒருத்தங்க கீழ எழுதியிருக்கிறது நல்ல பாயிண்ட்: கலிஃபோர்னியா லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் தாண்டின ட்ராவல் ட்ரெய்லரை சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ்ல இழுக்க முடியாது, நான்-கமர்ஷியல் கிளாஸ் ஏ எடுக்கணும். ட்ரக் பெட்லயே மாட்டி இழுக்கிற ஃபிஃப்த் வீல் ட்ரெய்லருக்கு மட்டும் ஒரு தனி ஒப்புதல் வாங்கிட்டா 15,000 வரைக்கும் போகலாம். அந்த ஊர்ல 9,995னு ஜிவிடபிள்யூஆர் போட்ட ட்ரெய்லர் நிறைய விக்கிறதுக்குக் காரணம் இதுதான். இரும்பு அதேதான், ஸ்டிக்கர் வேற. அதை வாங்கினா சரக்கு எடையும் குறைஞ்சுதான் வரும், பார்த்து வாங்குங்க.

அங்க எந்த ட்ரெய்லர் இழுத்தாலும் வேகம் 55 மைல். அரிசோனாவுல 75ல வந்த கையோட கொலராடோ ஆத்தைத் தாண்டினதும் காலை எடுங்க.

அக்டோபர் 16

பிராண்டு பத்தி மறுபடி மூணு பேர் கேட்டாச்சு. சொல்லிடறேன். கீஸ்டோன், ஹார்ட்லேண்ட், ஜேகோ மூணும் தோர் கம்பெனிக்குச் சொந்தம். 2001, 2010, 2016ல வரிசையா வாங்கிட்டாங்க. ஃபாரஸ்ட் ரிவர் 2005லேர்ந்து வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் ஹாத்தவே கையில. கிராண்ட் டிசைன் 2016லேர்ந்து வின்னபேகோ. பெரும்பாலும் எல்லாமே இண்டியானா மாநிலத்துல எல்கார்ட் ஊரைச் சுத்தியே தயாராகுது. கீழே இருக்கிற சட்டம், ஆக்சில், ஸ்லைடு மோட்டார் எல்லாம் பெரும்பாலும் ஒரே சில சப்ளையர்கள்கிட்டேர்ந்து வருது. ஒரு கம்பெனியில வேலை செஞ்சவர் அடுத்த மாசம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பெனியில இருப்பார். அதனால "ராப்டரா, மொமெண்டமா, எக்ஸ்எல்ஆரா"ன்னு நாள் பூரா அடிச்சுக்கிறதுல எனக்கு ஆர்வமில்ல.

விதிவிலக்கு ரெண்டு. இண்டியானாவுல நப்பானீங்கற ஊர்ல ஏடிசின்னு ஒரு கம்பெனி அலுமினியச் சட்டத்துல கட்டறாங்க, கட்டையே கிடையாது, விலையும் அதுக்கேத்த மாதிரி. கலிஃபோர்னியா பெரிஸ்ல ஜெனசிஸ் சுப்ரீம் மாதிரி சின்னக் கம்பெனிகள் பாலைவனத்து ஆளுங்களை மனசுல வச்சுக் கட்டறாங்க. உள் அலங்காரம் சுமார். கராஜ் மட்டும் நிஜமான கராஜ்.

அக்டோபர் 20

சனிக்கிழமை தம்பியோட அந்த டீலர்கிட்டப் போனேன். டேப் எடுத்துக்கிட்டுப் போகணும்னு சொல்லியிருந்தேன், மறக்காம எடுத்துட்டு வந்தார்.

போட்டிருக்கிறது 13 அடி கராஜ். ராம்ப் கதவை மூடின நிலையிலேர்ந்து சமையல் மேடை வரைக்கும் தரையில அளந்தா 12 அடி 10 அங்குலம். ரேசர் எக்ஸ்பி 4 நீளம் 12 அடியைத் தாண்டும். பின்னாடி ஸ்பேர் டயர் மாட்டியிருந்தா அது இன்னும் கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்கும். அதைக் கணக்குல சேர்த்துக்கிட்டுக் கதவை மூடினா நடுவுல ஒரு கை நுழையிற இடம்தான். அகலம் 64 அங்குலம், நல்லாவே நுழையும். ஆனா ரெண்டு சுவர்லயும் மடக்கு சோபா இருக்கு. அது மடங்கின பிறகும் பக்கத்துக்கு ஏழெட்டு அங்குலம் தின்னுடுது. வண்டி உள்ள நின்னா ஆள் இறங்கி வர வழி இருக்கான்னு பாருங்க. டிரைவர் சீட்லேர்ந்து ஜன்னல் வழியா ஊர்ந்து வெளிய வர்றது இருபது வயசுல தமாஷ்.

அப்புறம் உயரம். கூரையோட ரேசர் 6 அடிக்கு மேல. சீலிங் பக்கம் மோட்டார்ல ஏறி இறங்கற படுக்கை ரெண்டு இருந்தா, ரெண்டும் மேல ஏறி நின்னாலும் தடிமன் ஒரு அடிக்கு மேல தொங்கும். அந்த அடிப்பாகத்துலேர்ந்து தரைக்கு அளக்கணும். பளபளப்பா இருக்கிற சீலிங்லேர்ந்து அளக்கக் கூடாது. சேல்ஸ்மேன் சீலிங்லேர்ந்துதான் அளந்தார்.

கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 மேக்ஸ் வச்சிருக்கிற நண்பருக்கு: உங்களது பதின்மூன்றரை அடி. அகல மாடல்னா 72 அங்குலம். 13 அடி கராஜைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க.

அக்டோபர் 27

டூசான் நண்பர் ஒருத்தர் என்னோட 12 சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டார். "டாய் ஹாலர்ல அந்த எண் நிலையா நிக்காதே அண்ணே"ங்கிறார். நூத்துக்கு நூறு சரி. 12ன்னு போட்டது கணக்கை ஆரம்பிக்கிற வசதிக்கு. இனி முழுசாப் பார்ப்போம், ஏன்னா எனக்கு இந்த விஷயத்துல சொல்ல இருக்கிறதே இது ஒண்ணுதான்.

மாட்டு வண்டி ஓட்டின தாத்தா இருந்த வீட்டுல பிறந்தவங்களுக்கு முன்பாரம் பின்பாரம்னா விளக்க வேண்டாம். மூட்டையை முன்னாடி தள்ளினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும், பின்னாடி தள்ளினா நுகம் மேல தூக்கும். ட்ரெய்லரும் அச்சு மேல நிக்கிற அதே வண்டிதான். சாதாரண ட்ராவல் ட்ரெய்லர்ல பாரம் வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே இடத்துல இருக்கும். டாய் ஹாலர்ல மட்டும் 1,800 பவுண்டு ஒரே கட்டியா அச்சுக்குப் பின்னாடி ஏறும், இறங்கும்.

நம்ம ட்ரெய்லர் காலியா 6,800. காலியா இருக்கும்போது நாக்கு எடை, அதாவது ட்ரெய்லரோட முன் முனை ட்ரக் மேல அழுத்தற எடை, 1,100. அது 16 சதவீதம். வேணும்னே அப்படி வைக்கிறாங்க, பின்னாடி வண்டி ஏறும்னு தெரிஞ்சு. ஹிட்ச் பால்லேர்ந்து அச்சுகளோட நடுவுக்கு 20 அடின்னும், ரேசரோட எடை மையம் அச்சுக்கு 5 அடி பின்னாடின்னும் வைங்க. 1,800ஐ 5ஆல பெருக்கி 20ஆல வகுத்தா 450. அவ்வளவு நாக்குலேர்ந்து கழியும். 1,100 இப்ப 650 ஆச்சு. மொத்த எடை 8,600. சதவீதம் ஏழரை. 10க்குக் கீழ இறங்கினா வாலாட்டம், அதாவது ட்ரெய்லர் இடமும் வலமுமா ஆடறது, ஆரம்பிக்கும்.

இப்ப தண்ணி டேங்க் எங்க இருக்குங்கிறது முக்கியமாகுது. அச்சுக்கு 4 அடி முன்னாடின்னா நிரம்பின டேங்க் 133 பவுண்டைத் திருப்பித் தரும். நாக்கு 783, மொத்தம் 9,267, எட்டரை சதவீதம். முன் ஸ்டோரேஜ்ல 200 பவுண்டு சாமான், அச்சுலேர்ந்து 15 அடி தூரத்துல வச்சா இன்னும் 150 வரும். நாக்கு 933, மொத்தம் 9,467, பத்துக்கு ஒரு மயிரிழை கீழ. ஜிவிடபிள்யூஆர் தொட 33 பவுண்டு பாக்கி, பெட்ரோல் டேங்க் இன்னும் காலி.

ரேசரை விட்டுட்டு குடும்பத்தோட கிராண்ட் கேன்யன் போறீங்கன்னா அதே ட்ரெய்லர் 1,100ஐத் தூக்கி உங்க ட்ரக் மேல வைக்கும். அதோட ஆளும் ஹிட்ச்சும் சேர்ந்து 1,700. அப்பவும் 1,600 ஸ்டிக்கர் பத்தாது. ஏத்தினா வாலாடும், இறக்கினா முதுகு முறியும். ரெண்டு நிலையையும் தாங்கற ட்ரக் வேணும், இல்லேன்னா ட்ரெய்லர் சின்னதா இருக்கணும்.

எடை பகிர்வு ஹிட்ச் இதைச் சரி பண்ணிடும்னு வேற ஒருத்தர் சொல்லியிருக்கார். அது நாக்கு எடையில கொஞ்சத்தை ட்ரக்கோட முன் ஆக்சிலுக்கும் ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். ரொம்ப அவசியம். ஆனா அதனால ஸ்டிக்கர்ல இருக்கிற எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

நவம்பர் 2

தீபாவளி முடிஞ்சு வந்து பார்த்தா இழை முழுக்க என் கணக்கைச் சரிபார்த்து வச்சிருக்கீங்க. ஒருத்தர் எக்செல் போட்டே அனுப்பிட்டார். இன்டெல்லுக்குப் பக்கத்துல குடியிருந்தா இதுதான்.

கணக்கை விட நல்லது தராசு. லவ்ஸ், பைலட் மாதிரி ட்ரக் ஸ்டாப்கள்ல கேட் (CAT) ஸ்கேல்ங்கிற எடை மேடை இருக்கும். லாரிகளோட வரிசையில நின்னு மேல ஏறினா முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில்னு மூணு எடையும் தனித்தனியா ஒரு காகிதத்துல வரும். ட்ரெய்லரைக் கழட்டி வச்சுட்டு ட்ரக்கை மட்டும் இன்னொரு தடவை ஏத்தினா நாக்கு எடை கழிச்சுத் தெரிஞ்சுக்கலாம். வாங்கின முதல் வாரமே ரேசரோட ஒண்ணு, ரேசர் இல்லாம ஒண்ணு எடுத்து வைங்க.

நவம்பர் 3

வாலாட்டம்னா என்னன்னு கேட்ட தங்கச்சிக்கு.

ஐ-8ல கீலா பெண்ட் தாண்டி யூமா பக்கம் போறோம். நேர் ரோடு, பக்கக் காத்து. பின்னாலேர்ந்து ஒரு பதினெட்டு சக்கர லாரி தாண்டுது. முதல்ல அதோட மூக்குக் காத்து ட்ரெய்லரை வெளிப்பக்கம் தள்ளும், லாரி தாண்டினதும் உள்பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்ல ஒண்ணும் தெரியாது. சீட்டுலதான் முதல்ல தெரியும், இடுப்பை யாரோ பிடிச்சு இடமும் வலமுமா அசைக்கிற மாதிரி. கண்ணாடியில ட்ரெய்லரோட பின் மூலை ஒரு தடவை வெளிய வந்து போகும். அடுத்த தடவை கொஞ்சம் அதிகமா வரும். அந்த நேரத்துல ட்ரக் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுட்டு, டேஷ்போர்டுல இருக்கிற பிரேக் கன்ட்ரோலரோட நெம்பை கட்டை விரலால தள்ளுங்க. ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடிச்சு பின்னாடி இழுக்கும், ட்ரக்கும் ட்ரெய்லரும் நேராகும். அந்த நெம்பு எங்க இருக்குன்னு பார்க்காமலே விரல் போகணும். நின்ன வண்டியில உட்கார்ந்து பழகுங்க.

பக்கத்து சீட்ல இருந்தவங்க யூமா வரைக்கும் எங்கிட்ட பேசல.

நவம்பர் 4

ட்ரெய்லருக்குன்னே வர்ற எஸ்டி டயர் பலதோட வேக வரம்பு 65 மைல். பக்கச்சுவர்ல போட்டிருக்கும். 75ல போறவங்க படிங்க.

நவம்பர் 9

ரேசரைக் கராஜ்ல கட்டறது எப்படின்னு தம்பி கேட்டிருக்கார். இது ட்ரெய்லர் தேர்வுலயும் சேர்த்திதான், ஏன்னா ஸ்ட்ராப் மாட்டற வளையம், டி-ரிங், எங்க இருக்குங்கிறதை வாங்கறப்பவே பார்க்கணும்.

கராஜ் தரையில இருக்கிற டி-ரிங்கைக் குனிஞ்சு பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கீழ படுத்து டார்ச் அடிச்சா போல்ட் எங்க இறங்குதுன்னு தெரியும். இரும்புச் சட்டத்துல இறங்கியிருந்தா சரி. வெறும் ப்ளைவுட்டுல ஸ்க்ரூ அடிச்சு வச்சிருந்தா அது அலங்காரம். நாலு டி-ரிங்கும் சுவரோரமாவே இருந்தா நாலு சீட் வண்டிக்கு ஸ்ட்ராப் கோணம் ரொம்ப நேரா விழும், முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்காது.

நான் டயரைச் சுத்திப் போடற வலை மாதிரி ஸ்ட்ராப்தான் போடறேன், நாலு சக்கரத்துக்கும். சேஸிஸ்லேர்ந்து இழுத்துக் கட்டினா ஷாக் முழுக்க அமுங்கிக்கிட்டே வரும், ரோட்டுல ஒரு குழியில வண்டி அமுங்கினா அந்த நொடியில ஸ்ட்ராப் தளர்ந்து கொக்கி கழண்டுடும். டயரைப் பிடிச்சா ஷாக் தன் பாட்டுக்கு ஆடும். வண்டியை பார்க் கியர்ல நிறுத்தி, ராட்செட்டைக் கடைசி ரெண்டு க்ளிக் எதிர்ப்பு கொடுக்கிற வரைக்கும் இறுக்கி, மிச்ச நாடாவை முடிச்சுப் போட்டு வைங்க. கிளம்பி முதல் பெட்ரோல் பங்க்ல கராஜைத் திறந்து திரும்ப இறுக்கணும். நாடா புதுசா இருந்தா கட்டாயம் தளர்ந்திருக்கும்.

ராம்ப் ஏறும்போது கதவும் தரையும் சேர்ற இடத்துல ஒரு முகடு இருக்கும். ரேசருக்குக் கவலையில்ல. தாழ்வான ஸ்போர்ட் பைக், கோல்ஃப் கார்ட் ஏத்தறவங்க அங்கதான் வயிறு தட்டி நிப்பாங்க.

நவம்பர் 30

தேங்க்ஸ்கிவிங்குக்கு கிளாமிஸ் போய் வந்தாச்சு. கேட்டவங்களுக்காக: இம்பீரியல் மணல் குன்றுகள், கலிஃபோர்னியா தென்கிழக்கு மூலை, பிஎல்எம்ங்கிற மத்திய அரசு நிலத் துறையோட நிர்வாகம். 40 மைல் நீளத்துக்கு மேல மணல். நெடுஞ்சாலை 78 குறுக்க போகும், தெற்கு முனையில பட்டர்கப் பக்கம் ஐ-8. அக்டோபர் 1லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் பெர்மிட் வேணும், முன்கூட்டியே வாங்கினா மலிவு. தரையிலேர்ந்து 8 அடி உயரத்துல கொடிக்கம்பு இல்லாம ஓட்டக் கூடாது. ஒரு குன்றுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு நம்ம கொடி மட்டும்தான் தெரியும்.

இங்க கத்துக்க வேண்டிய ட்ரெய்லர் பாடம்: கெக்கோ ரோட்டுல சிமெண்ட் தளங்கள் இருக்கு, அதுல இடம் கிடைச்சா நல்லது. இல்லேன்னா கெட்டித் தரையாப் பார்த்து நிறுத்தணும். ட்ரெய்லரோட மணல்ல இறங்கினா ரெண்டு ட்ரக் கட்டி இழுக்க வேண்டி வரும். ராத்திரி காத்துல மணல் ராம்ப் கதவு ரப்பர் வழியா உள்ள வந்து டிராயர்ல, படுக்கையில, தோசை மாவுல. ரப்பர் சீலை விரலால அழுத்திப் பார்க்காம எந்த டாய் ஹாலரும் வாங்காதீங்க.

ஜெனரேட்டர்: ஓனன் 5500 இருக்கிற ட்ரெய்லர்னா ரெண்டு ஏசியும் ஓடும். 4000ன்னா ஒரு ஏசி, அப்புறம் மைக்ரோவேவ் போடறதுக்கு முன்னாடி ஏசியை அணைக்கணும். குளிர்காலத்துல ஏசி தேவையில்லையேன்னு நினைச்சேன். பக்கத்து ட்ரெய்லர் ஆளுங்க ஜெனரேட்டர் சத்தத்தை மறைக்கவே ஏசி போட்டுத் தூங்கினாங்க.

இட்லி கேஸ் அடுப்புலயே வெந்துச்சு.

டிசம்பர் 14

அப்பா அம்மா விஷயம். தம்பி இன்னும் அந்த 28 அடியிலயே மனசை விட்டு வச்சிருக்கார், "அவங்க கராஜ்ல இருக்கிற பெரிய படுக்கையில படுத்துக்குவாங்க"ங்கிறார்.

அந்தப் படுக்கை மோட்டார்ல இறங்கறது. மேல் படுக்கைன்னா ஏணி. அறுபத்தஞ்சு வயசு அம்மா புடவையோட ராத்திரி ரெண்டு தடவை அந்த ஏணியில இறங்கி பாத்ரூம் போகணும். கீழ் படுக்கை பரவாயில்ல. ஆனா பகல் பூரா ரேசர் நின்ன இடம் அது. பெட்ரோல் வாசம் சோபா துணியில ஏறிடும், ரெண்டு நாள் கதவு திறந்து வச்சாலும் முழுசாப் போகாது. வாசம்கூடப் பரவாயில்ல, ஆவிதான் ஆபத்து. வண்டியையும் பெட்ரோல் கேனையும் வெளிய இறக்கி, வென்ட் திறந்து வச்சு, கேஸ், கார்பன் மோனாக்சைடு அலாரம் ரெண்டும் வேலை செய்யுதான்னு பொத்தானை அழுத்திப் பார்த்துட்டுத்தான் கராஜ்ல யாரும் படுக்கலாம். இதுக்காகவே கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவரும் கதவும் இருக்கிற மாடல் எனக்குப் பிடிக்கும். ஒரே ஹாலா இருக்கிறது நீளத்தை மிச்சம் பண்ணும், விலையும் குறைச்சல், மூக்குக்குத்தான் ஆகாது.

டிசம்பர் 15

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒரு அக்கா, "பெரியவங்களுக்கு யூமாவுல ஹோட்டல் ரூம் போடுங்க, விஷயம் முடிஞ்சுது"ன்னு எழுதியிருக்காங்க. நாலு பத்தியில நான் சொல்ல வந்தது இதுதான்.

2025 ஜனவரி 19

பொங்கல் லீவுல ட்ரக் மாத்தலாமாங்கிற பேச்சு. தம்பி 2500ங்கிற பெரிய ரக டீசல் ட்ரக் ஒண்ணைப் பார்த்துட்டு வந்திருக்கார், பேலோடு ஸ்டிக்கர் 2,100. டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி, 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர்ல அது நிறையத் தின்னுடும். அதே ட்ரக் பெட்ரோல் இன்ஜின்ல பேலோடு கூட நிக்கும், மலை ஏறும்போது மூச்சு வாங்கும். ஐ-17ல பிளாக் கேன்யன் சிட்டியிலேர்ந்து சன்செட் பாயிண்ட் ஏத்தம் தெரியுமில்ல, ஏசியை அணைச்சுக்குங்கன்னு போர்டே வச்சிருப்பாங்க. 1,100 அடி ஊர்லேர்ந்து 7,000 அடி ஃப்ளாக்ஸ்டாஃப்புக்கு டர்போ இல்லாத இன்ஜின் போறப்ப ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். வெயில் காலத்துல மேல குளிருக்குப் போறதுதான் பாதித் திட்டம்னா டீசல். மணலுக்கு மட்டும்னா பெட்ரோல் போதும்.

ஃபிஃப்த் வீல் வாங்கலாமான்னும் கேட்டிருக்கார். பாரம் பின் ஆக்சிலுக்கு மேலேயே உட்கார்றதால வாலாட்டம் அநேகமா இல்ல, அது எனக்கும் ஆசைதான். ஆனா எடையில 20 சதவீதம் ட்ரக் மேல வரும். 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல்னா 2,800. அதுக்கு அதைவிடப் பெரிய 3500 ரக ட்ரக் வேணும். ட்ரெய்லர் பார்க்க ஆரம்பிச்சு ட்ரக்கு வாங்கறது, அப்புறம் அந்த ட்ரக்குக்கு ஏத்த ட்ரெய்லர் பார்க்கிறது, இது ஒரு சுழல். நிறைய பேர் உள்ள போயிருக்காங்க.

வரி பத்திக் கேட்டவருக்கு: படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூணும் இருந்தா டாய் ஹாலர் இரண்டாவது வீடா கணக்காகும், கடன் வட்டியைக் கழிக்கலாம். ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு, அதாவது கழிவுகளைத் தனித்தனியா கணக்குக் காட்டறவங்களுக்கு மட்டும். பெரும்பாலோர் மொத்தமா கிடைக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்தான் எடுக்கிறோம், அதனால மனைவிகிட்ட சொல்ல ஒரு காரணமா மட்டும் வச்சுக்குங்க.

பிப்ரவரி 8

தம்பி முடிவு பண்ணிட்டார். எஃப்-150 இருக்கட்டும், 16 அடி திறந்த யூட்டிலிட்டி ட்ரெய்லர் வாங்கி ரேசரை அதுல ஏத்திக்கிட்டு, ஒரு சீசன் டென்ட்லயும் ஹோட்டல்லயும் தங்கிப் பார்க்கிறாராம். அவருக்கு நான் சொன்னதும் அதுதான், சந்தோஷம். ரேசர் மேல ஆசை நிக்குதான்னு பார்த்துட்டு 20 அடி டாய் ஹாலரோ பெரிய ட்ரக்கோ யோசிக்கலாம். HOA, அதாவது குடியிருப்புச் சங்கத்தோட தொல்லையும் இல்ல, திறந்த ட்ரெய்லர் வீட்டு கராஜுக்குள்ளயே ஓரமா நிக்கும்னு சொல்றார். 16 அடி நிக்காது, அளந்து பாருங்க.

பிப்ரவரி 22

பழைய டாய் ஹாலர் ஒண்ணு பார்க்கப் போறேன்னு மெசாவிலேர்ந்து ஒருத்தர். 2017 மாடல், 24 அடி, விலை ஆசை காட்டுது. பார்க்க வேண்டியது:

ராம்ப் கதவோட கீழ் விளிம்புல கட்டை விரலால அழுத்துங்க. அமுங்கினா உள்ள ப்ளைவுட் ஊறியிருக்கு. கதவைத் திறக்கும்போது ஒரு பக்கம் முன்னாடி இறங்கினா ஸ்பிரிங் கேபிள் ஒண்ணு போயிருக்கு, அந்தக் கதவு கனம் ஒரு ஆளைச் சாய்க்கும், நேர் கீழ நிக்காதீங்க. கராஜ் தரையில ரப்பர் மேட்டைத் தூக்கி மூலைகளைப் பாருங்க. கூரை ஓரத்துல பசை வெடிச்சிருக்கான்னு ஏறிப் பாருங்க, அரிசோனா வெயில் அதைத்தான் முதல்ல தின்னும். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தா வார்னிஷ் வாசம் வந்தா பம்பும் சேர்ந்து போயிருக்கும். ஜெனரேட்டர் மணிக் கணக்கு ரொம்பக் குறைச்சலா இருந்தா சந்தோஷப்படாதீங்க, ஓடாம நின்ன ஜெனரேட்டர் கார்பரேட்டர் அடைச்சுக்கும்; ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஓட விடுங்க.

டயர்ல பள்ளம் நல்லா இருக்குன்னு விக்கிறவர் சொல்வார். ட்ரெய்லர் டயர் தேஞ்சு போறதில்ல, வெயில்ல காஞ்சு வெடிக்கிறது. பக்கச்சுவர்ல DOTங்கிற எழுத்துக்குப் பின்னாடி கடைசி நாலு எண் வாரமும் வருஷமும்: 3218ன்னா 2018ல 32ஆவது வாரம். அஞ்சு ஆறு வருஷம் தாண்டியிருந்தா நாலு டயரும் ஸ்பேரும் புதுசு போடற செலவை விலையில கழிச்சுக் கேளுங்க. எண் சில சமயம் உள்பக்கச் சுவர்ல இருக்கும், படுத்துத்தான் பார்க்கணும். பார்த்துட்டு நாலையும் இங்க போடுங்க.